புல் தரையும் விமானியும்

சிறிய ஆகாய விமானம் ஒன்று இறங்கும்போது கவிழ்ந்தால், ஜனங்கள் முதலில் கேட்பது "விமானியின் தவறு" என்னும் இரண்டு சொற்களே. நியாயஸ்தலத்தில் பழகிய நமக்கு இத்தீர்ப்பு விசித்திரமாய்ப் படுகிறது. பிரதிவாதி சில வேளை பேசும் நிலையிலேயே இல்லை. தரையையோ எவரும் கூண்டில் ஏற்றுவதில்லை.

தரை சாட்சி சொன்னால் என்ன சொல்லும்? பிரிட்டிஷ் விமான அதிகாரிகள் விமானிகளுக்குத் தந்துள்ள கணக்கு இது: கெட்டித் தரையில் இறங்கி நிற்க 500 மீட்டர் போதுமான விமானத்துக்கு, உலர்ந்த புல்லில் 15 சதவிகிதம் கூடுதல் வேண்டும், நனைந்த புல்லில் 35 சதவிகிதம், அதாவது 675 மீட்டர். குட்டைப் புல் நனைந்து, அடிமண்ணும் இறுகியிருந்தால் 60 சதவிகிதம் வரை கூடும். பிரேக்கை அழுத்தினால் சக்கரம் வழுக்கும். வண்டித் தடத்திலோ வளையிலோ முன்சக்கரம் அமிழ்ந்தால் விமானம் மூக்குக் குத்தும். மழைக்கு மறுநாள் செம்பட்டிக் குடியானவர் பாரவண்டியைக் காட்டுக்குள் இறக்கமாட்டார். அந்த ஞானம் விமானத் துறைக்கும் வேண்டாமா?

முன்னோடிகளுக்கு அது இருந்தது. 1932 அக்டோபர் 15-ஆம் தேதி ஸ்ரீ ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து தபாலுடன் பம்பாய் ஜுஹுவில் வந்திறங்கினார். நெவில் வின்சென்ட் அதனை மறுநாள் சென்னைக்குக் கொண்டுவந்தார். ஜுஹு வெறும் மண் வெளி. மழைக்காலத்தில் அது சேறாகவே, டாட்டா கம்பெனியார் வீரம் பேசாமல் புனாவுக்கு, எரவாடாச் சிறைக்கு அருகே, இடம் பெயர்ந்தார்கள். (மகாத்மா அதே ஆண்டு செப்டம்பரில் உண்ணாவிரதமிருந்த எரவாடாதான்.)

இன்று புல் ஓடுபாதை அருகிவிட்டது. ஆயினும் தார்ப்பாதையை விட்டு விலகும் பயிற்சி விமானம் புல்லின் மேல்தான் போய் விழுகிறது. யுத்தகாலத்தில் அமைத்த செட்டிநாடு, கயத்தாறு, உளுந்தூர்ப்பேட்டை ஓடுதளங்களை உயிர்ப்பிக்கலாம் என்ற பேச்சும் அவ்வப்போது எழுகிறது. உயிர்ப்பிக்கட்டும், நாம் மறுக்கவில்லை. ஆனால் பயிற்சி பெறுவோர் பெரும்பாலும் இருபது வயதுப் பிள்ளைகள்.

2012-இல் ஏற்பட்ட விமான விபத்துப் புலனாய்வுப் பணியகம் தன் அறிக்கைகளை ஆங்கிலத்தில் வெளியிடுகிறது. புல் வெட்டும் தொழிலாளிக்கும் களக் காவலருக்கும் அதனால் என்ன பயன்? இறங்கும் விபத்து ஒவ்வொன்றிலும் அன்று காலை தரையைச் சோதித்தவர் யார், புல்லின் உயரம் என்ன, ஈரம் எவ்வளவு என்பவற்றைப் பதிந்து, நம் மாகாணத்து விபத்துக்களின் அறிக்கையைத் தமிழிலும் வெளியிடுமாறு சர்க்காரைக் கேட்கிறோம்.