ஆற்றங்கரையில் இரண்டு கோப்பி



பள்ளி விடுமுறையில் எங்கேயாவது போய் வந்து உங்களுக்கு எழுதுகிறேன் என்று முன்பு ஒரு முறை வாய்விட்டுச் சொல்லியிருந்தேன். போய் வந்துவிட்டேன். தாய்லாந்தில் காஞ்சனபுரி என்ற ஊர். காஞ்சனம் என்றால் பொன். பொன்னகரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊரில் ஆற்றங்கரை நெடுக கோப்பிக் கடைகள். அவற்றைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். பேனா வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தோட்டத்துப் பெண்கள் பதினோரு பேர் ஒன்றரை வருடமாகக் கூட்டுக் கட்டிச் சேர்த்த பணம். பயண ஏற்பாட்டுக்கு மஸ்ஜித் இந்தியாவுக்குப் போனோம். மஸ்ஜித் இந்தியாவுக்குப் போகிற பெண்பிள்ளை பயணச் சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பியதாக உலகத்தில் சரித்திரம் உண்டா? சேலைக் கடை, வளையல் கடை, பூக்கடை என்று இரண்டு மணி நேரம் போனது. எங்களோடு வந்த பாட்டி ஒருவர் மட்டும் சேலைப் பக்கமே திரும்பவில்லை. பூசைச் சாமான் கடைக்குள் நுழைந்து ஒரு பொட்டலம் கறுப்பு எள், கற்பூரம், ஊதுபத்தி வாங்கிக்கொண்டார். "எதுக்கு பாட்டி?" என்று கேட்டேன். "இருக்கட்டும் டீச்சர்" என்றார். அவ்வளவுதான்.

கால் வலிக்க மஸ்ஜித் ஜாமெக் பக்கம் வந்து ஆற்றோரத்தில் உட்கார்ந்தோம். கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடுகிற முனையில் 1909-இல் திறந்த பள்ளிவாசல் அது. கோலாலம்பூர் என்ற பெயரே அந்தச் சேற்றுச் சங்கமத்தால் வந்ததுதான். இப்போது கரையைக் கட்டி, நடைபாதை போட்டு, விளக்கு வைத்திருக்கிறார்கள். "நாம போற ஊரிலயும் இப்படி ரெண்டு ஆறு சேருது பாட்டி" என்றேன். பாட்டி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பயண ஏற்பாட்டாளர் விமானத்தில் போங்கள், மூன்று மணி நேரத்துக்குள் பாங்காக் என்றார். பாட்டி ஒரே பிடிவாதம்: ரயிலில்தான் வருவேன், இல்லாவிட்டால் என் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். ஆகவே பாடாங் பெசார் வரை நம் ரயில், அங்கிருந்து தாய்லாந்து ரயிலில் இரவுப் பயணம். பலருக்கும் பாட்டி மேல் கோபம். இடுப்பு வலிக்காதா பின்னே!

விடிந்து வெகு நேரம் ஆகவில்லை. ஜன்னல் ஓரம் இருந்த பாட்டி என் கையைப் பிடித்து, "பான் போங்னு ஒரு ஊர் வருமாமே, வந்தா சொல்லு" என்றார். வந்தது. சின்ன நிலையம், பெயர்ப் பலகை, காய்கறிக் கூடையோடு இரண்டு பெண்கள். கடந்து போய்விட்டது. அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது.

உங்களில் எத்தனை பேர் வீட்டில் "சயாமுக்குப் போனவர்" என்ற பேச்சு உண்டு? ஜப்பான்காரன் காலத்தில் நம் தோட்டங்களிலிருந்து கூட்டிப் போன பால்வெட்டுத் தொழிலாளர்களைக் கொண்டு வந்து இறக்கிய இடம் அந்தப் பான் போங். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், சாப்பாடு, மருந்து எல்லாம் உண்டு என்று சொல்லி முதலில் ஆள் சேர்த்தார்கள். சொல்லிப் பார்த்து ஆள் வராதபோது பிடித்துக்கொண்டு போனார்கள். இரும்புச் சரக்கு வண்டியில் நெருக்கி அடைத்து, பகலில் வெயில் சூடு, இரவில் குளிர். அங்கிருந்து மழையிலும் சேற்றிலும் காட்டுக்குள் நடை.

சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை. 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் இரண்டு முனையும் சேர்ந்துவிட்டது. மலையைச் சம்மட்டியாலும் உளியாலும் உடைத்து, மண்ணைக் கூடையில் சுமந்து போட்ட பாதை. மலாயாவிலிருந்து மட்டும் 75,000 பேருக்கு மேல் போனதாகக் கணக்கு. அதில் பெரும்பாலோர் தமிழர். மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் திரும்பவில்லை. காலரா, மலேரியா, வயிற்றுக்கடுப்பு, காலில் புண், பசி. வெள்ளைக்காரப் போர்க்கைதிகளும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அவர்களிலும் ஐந்தில் ஒருவர் போனார். ஆனால் அவர்களோடு அவர்கள் பட்டாளத்து டாக்டர்கள் இருந்தார்கள், பெயரெழுதி வைக்க அதிகாரிகள் இருந்தார்கள். நம் ஆட்களுக்கு யார் இருந்தார்கள்?

பாட்டியின் அப்பா போனபோது பாட்டி தாயின் வயிற்றில் ஆறு மாதம். பாட்டி பிறந்தது 1943. அந்த அம்மா கடைசி வரை தாலியையும் பொட்டையும் எடுக்கவில்லை. செத்ததை யார் பார்த்தது, வருவார், வருவார் என்றே இருந்து 1978-இல் கண்ணை மூடினார். ஆகவே அந்த மனிதருக்குக் கருமாதியும் இல்லை, திதியும் இல்லை.

சரி, காஞ்சனபுரிக்கு வருவோம். பாங்காக்கிலிருந்து வேனில் இரண்டரை மணி நேரம். தோன்புரி நிலையத்திலிருந்து காலையில் ரயிலும் உண்டு. அது பாலத்தின் மேலேயே போய், மலையோரம் மரக்கட்டைச் சட்டங்களின் மேல் ஊர்ந்து நாம் தோக் வரை போகும். அதைப் பிறகு தெரிந்துகொண்டு வருந்தினேன். நீங்கள் போனால் ரயிலில் போங்கள்.

எங்கள் பயணத் தாளில் இப்படிப் போட்டிருந்தது: பாலம் அரை மணி, கல்லறை இருபது நிமிடம், ஆற்றோரக் கோப்பிக் கடையில் இரண்டு மணி நேரம். வழிகாட்டி நல்ல பையன்தான், அவன் மேல் குற்றமில்லை. வருகிறவர்கள் கேட்பதை அவன் கொடுக்கிறான்.

பாலத்தைப் பார்த்தோம். கறுப்பு இரும்பு. வளைவாக இருப்பவை ஜப்பானியர் ஜாவாவிலிருந்து கொண்டு வந்தவை. 1945-இல் விமானங்கள் குண்டு போட்டுத் தகர்த்தன; நடுவே கோணலும் நேருமாக இருக்கும் இரண்டும் போருக்குப் பின் மாற்றியவை. இந்தப் பாலத்தை உலகத்துக்குக் காட்டியது 1957-இல் வந்த ஆங்கிலப் படம். வேடிக்கை என்னவென்றால் அந்தப் படத்தை எடுத்தது இலங்கையில், களனி ஆற்றில். படத்தைத் தேடி வந்த பயணிகளுக்காக 1960-களில் இங்கே ஆற்றின் பெயரையே மாற்றி, மே குளோங் என்று ஓடிக்கொண்டிருந்ததைக் குவே யாய் ஆக்கிவிட்டார்கள். படத்துக்காக ஆறே பெயர் மாற்றிக்கொண்டது. அந்தப் படத்தில் நம் ஆட்களுக்குத்தான் இடமில்லை.

பிறகு கல்லறை. பச்சைப் புல், வரிசை வரிசையாகக் கல், ஒவ்வொரு கல்லின் பக்கத்திலும் பூச்செடி. 6,982 பேர். பெயர், வயது, பட்டாளம், தாய் தகப்பன் எழுதச் சொன்ன ஒரு வரி. பார்க்கப் பார்க்க மனம் கனக்கிறது. இருபத்திரண்டு வயது, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள். பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு கல்லாகத் தடவிக்கொண்டு, "நம்ம ஆளுங்க எந்தப் பக்கம் டீச்சர்?" என்றார். நான் பள்ளிக்கூடத்தில் எத்தனையோ கேள்விக்குப் பதில் சொன்னவள். இதற்கு நாக்கு எழவில்லை. இது போர்க்கைதிகளுக்கான இடம் பாட்டி, கூலிக்கு வந்தவர்களுக்கு இல்லை என்று கடைசியில் சொன்னேன். "அப்படியா" என்றார்.

வழிகாட்டிப் பையனிடம் பேசி, கோப்பிக் கடை நேரத்தில் ஒரு மணியைக் குறைத்து, பக்கத்திலேயே இருக்கும் வாட் தாவோர்ன் வராராம் கோயிலுக்குப் போனோம். போருக்குப் பின் தோண்டியெடுத்த தொழிலாளர் எலும்புகளை ஒன்றாகச் சேர்த்துப் புதைத்த இடம் அங்கே உண்டு. தாய்லாந்துத் தமிழர்களின் முயற்சியில் 2023-இல் அங்கே ஒரு நடுகல்லும் நட்டிருக்கிறார்கள். போரில் விழுந்த வீரனுக்கு நம் முன்னோர் நட்ட கல்லைப் போல, சம்மட்டி பிடித்துச் செத்தவனுக்கும் ஒன்று. எண்பது வருடம் கழித்து. பாட்டி அந்தக் கல்லில் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அழவில்லை. மற்றவர்கள்தான் அழுதோம்.

(பாலத்துக்குப் பக்கத்தில் 1944-இல் ஜப்பானிய ராணுவமே ஒரு நினைவுத் தூண் கட்டியது. அதில் தமிழிலும் எழுதி வைத்திருக்கிறார்கள். சாகடித்த கையே எழுதிய தமிழ். அதை என்னவென்று சொல்வது?)

இனி கோப்பிக் கடை. ஆற்றில் மிதக்கும் மரத்தெப்பத்தின் மேல் கூரை போட்ட கடை அது. நாலு பக்கமும் காற்று. தொட்டியில் செடி, மூங்கில் நாற்காலி, எதிரே நீல மலை. படம் பிடிக்கிற பிள்ளைகள் கூட்டம். செம்மஞ்சள் நிறத்தில் ஒரு பால் தேத்தண்ணி கொடுக்கிறார்கள், பனிக்கட்டி போட்டு. நம் தே தாரிக்குக்குத் தங்கை மாதிரி, ஆனால் சீனி வியாதிக்காரர்கள் கிட்டே போகக்கூடாது. கோப்பி எழுபது பாட், நம் காசுக்கு ஒன்பது வெள்ளிக்கு மேல். குடித்த பிறகு விலையை நினைத்துப் பார்க்கிற பழக்கம் நம்மை விட்டுப் போகுமா?

செத்த ஊரில் இப்படிச் சிரித்துக் குடிக்கலாமா என்று ஒருத்தி முணுமுணுத்தாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் கடைப் பெண்ணின் பாட்டன் யாரையும் அடிக்கவில்லை. காட்டு முகாம்களுக்குத் திருட்டுத்தனமாக மருந்தும் காசும் அனுப்பிய வியாபாரிகள் இந்த ஊர்க்காரர்கள்தான். அவர்கள் பேரப்பிள்ளைகள் பிழைக்கட்டும். எனக்கு இருக்கிற குறையெல்லாம், அங்கே வந்து உட்காரும் நம் பிள்ளைகளுக்கே இந்த ஆறு எந்த ஆறு என்று தெரியவில்லையே என்பதுதான். பக்கத்து மேசையில் கோலாலம்பூர்த் தமிழ்ப் பிள்ளைகள் நாலு பேர். சயாம் ரயில் என்றதும், "படத்துல வர்றதா ஆண்ட்டி?" என்றார்கள்.

பாட்டி இரண்டு கோப்பி சொன்னார். ஒன்றைத் தன் முன்னால், ஒன்றை எதிரே காலி நாற்காலிக்கு முன்னால் வைத்தார். பிறகு எழுந்து தெப்பத்தின் ஓரத்துப் படிக்குப் போய் முந்தானையிலிருந்து எள் பொட்டலத்தை எடுத்தார்.

"பொம்பளப் பிள்ளை எள்ளும் தண்ணியும் விடலாமா பாட்டி?" என்று எங்களில் ஒருத்தி கேட்டேவிட்டாள்.

"ஆம்பளப் பிள்ளை பொறக்கிற வரைக்கும் அந்த மனுசனை இருக்க விட்டாங்களா?" என்றார் பாட்டி.

அதற்கு மேல் யாரும் வாய் திறக்கவில்லை. கடைப் பெண் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பாஷை தெரியாது. உள்ளே போய் ஒரு வாழையிலைத் துண்டும் நாலு வெள்ளைப் பூவும் கொண்டு வந்து கொடுத்துவிட்டு, கைகூப்பி விலகி நின்றாள். இலையில் எள், பூ, ஒரு வாழைப்பழம். கற்பூரத்தைக் கொளுத்தக் காற்று விடவில்லை. ஊதுபத்தி மட்டும் எரிந்தது. பாட்டி கையால் தண்ணீர் மொண்டு மூன்று தரம் விட்டார். பார்த்தே இராத அப்பனின் பெயரை, கூடவே தோட்டத்தின் பெயரை, உரக்கச் சொன்னார். இலை தெப்பத்துக் கட்டையில் முட்டி, சுற்றி, பிறகு நீரோட்டத்தில் போனது. படம் பிடித்துக்கொண்டிருந்த அந்த நாலு பிள்ளைகளும் எழுந்து நின்றிருந்தார்கள்.

திரும்பி வந்து ஆறிப்போன கோப்பியைக் குடித்தார். "சீனி அதிகம்" என்றார்.

நீங்கள் போவதானால் நான் சொல்வது ஒன்றுதான்: இரவு அந்த ஊரிலேயே தங்குங்கள், ஒரு நாள் போதாது. கல்லறைக்கு எதிரே 2003-இல் திறந்த ரயில்பாதை அருங்காட்சியகத்தில் ஒரு மணி நேரமாவது செலவழியுங்கள். போகுமுன் வீட்டுப் பெரியவர்களிடம் பெயர், தோட்டம், போன வருடம் மூன்றையும் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கேட்பதற்கு ஆள் குறைந்துகொண்டே வருகிறது.

பள்ளி திறந்ததும் என் வகுப்புப் பிள்ளைகளிடம் இதையே சொன்னேன். மறுநாள் ஏழு தாள் வந்தது. ஒன்றில் பெயர் இருந்த இடத்தில் "கொள்ளுத் தாத்தா" என்று மட்டும் எழுதியிருந்தது.

அந்த ஏழு வீட்டுச் செய்தி பாட்டி காதுக்கும் எட்டியிருக்க வேண்டும். சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் நின்றார். கையில் அந்த எள் பொட்டலம். பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

"மஸ்ஜித் இந்தியாவில வாங்கினது, நல்ல எள். நீயே வச்சிரு டீச்சர்" என்றார். "யாராச்சும் அங்க போறதா இருந்தா குடுத்து விடு."