முதல்ல கணக்கைத் தீருங்க, பிறகு கேக் வெட்டுவோம்

டிசம்பர் பிறந்தால் மாத்தளை டவுன்ல ஒரு கேள்வி சுத்த ஆரம்பிக்கும். இந்த முறை ஸ்டாஃபுக்கு என்ன குடுக்கலாம்? புடவைக் கடை, ஹார்ட்வெயார், பார்மசி, தோட்டத்து ஆபீஸ், எல்லா இடத்திலும் இதே பேச்சுதான். கேக்கா, ஹம்பரா, கொம்பனிப் பேர் அடிச்ச குடையா, சுவர்க் கடிகாரமா? முதலாளி மனேஜரைக் கேட்பார், வீட்டில் மனைவியைக் கேட்பார், பக்கத்துக் கடை முதலாளியையும் கேட்பார். வாங்கப் போகிற ஆளை மட்டும் ஒருத்தரும் கேட்க மாட்டாங்க.

கேட்காததுகூட பெரிய விசயம் இல்ல. என் சண்டை அதற்கு முந்தின படியில. பரிசு என்றால், குடுக்க வேண்டியதை எல்லாம் குடுத்து முடித்த ஒருவர் அதற்கு மேல் மனசு வைத்துத் தருவது. குடுக்க வேண்டியது பாக்கி கிடக்கும்போது தருகிற கேக்குக்குப் பரிசு என்று பேர் இல்ல. அது தவணைக் காசில் ஒரு துண்டு, அவ்வளவுதான். வெள்ளிக் கடதாசி சுற்றியிருக்கும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2026 ஜனவரியிலிருந்து தனியார் துறையில் ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 30,000 ரூபா. அந்தச் சம்பளத்துக்கு முதலாளி தன் பையிலிருந்து கட்ட வேண்டிய ஊழியர் சேமலாப நிதி 12 வீதம், அதாவது 3,600. ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம், அது 900. ரெண்டையும் கூட்டினால் மாசம் 4,500, வருசத்துக்கு 54,000 ரூபா. இது முதலாளியின் கருணை இல்ல. முதலாவது 1958ஆம் ஆண்டுச் சட்டம், மற்றது 1980ஆம் ஆண்டுச் சட்டம். இது போக தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கிற 8 வீதம் இருக்கு, மாசம் 2,400. அதைப் பிடித்துவிட்டுக் கட்டாமல் விடுகிற புண்ணியவான்களும் ஊரில் இருக்கிறார்கள். அப்படி வருசத்துக்கு 28,800.

இப்ப ஹம்பருக்கு வருவோம். ஒரு ரிச் கேக், பிஸ்கட் டின், நெஸ்டமோல்ட் பக்கெட், கோர்டியல் போத்தல், ஒரு கலண்டர். தாராளமாவே 5,000 ரூபா என்று வைங்க. 54,000 கட்டாத ஒருவர் 5,000க்கு ஹம்பர் குடுத்தால் அவருக்கு 49,000 மிச்சம். அதோடு "எங்க முதலாளி தங்கமான மனுசன்" என்ற பேர் இலவசம். மாத்தளையில் இதைவிட லாபமான யாவாரம் இருக்கா தெரியல, மிளகு விலை ஏறின வருசத்தில்கூட.

எல்லா முதலாளியும் இப்படியா என்று கேட்பீங்க. இல்லதான். ஒழுங்காகக் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு இந்தக் கட்டுரையின் பின்பாதி மட்டும் போதும். ஆனா கடையில் வேலை செய்கிற உங்க தங்கச்சியிடமோ மச்சானிடமோ "உன் சேமலாப நிதி இலக்கம் என்ன?" என்று ஒருக்கா கேட்டுப் பாருங்க. "அப்படி ஒண்ணு இருக்கா?" என்ற பதில் எத்தனை பேரிடமிருந்து வருது என்று எண்ணுங்க.

இது டவுன் கடையோடு முடிகிற கதையும் இல்ல. எங்க மாவட்டத்துத் தோட்டங்களுக்கு ஏறினால் எல்கடுவ பெருந்தோட்டக் கம்பனி இருக்கு. அரசாங்கத்தின் சொத்து. அதுவும், ஜனவசமவும், அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் தொழிலாளர்களின் சேமலாப நிதி, நம்பிக்கை நிதி, பணிக்கொடை எல்லாவற்றையும் வருசக்கணக்காக நிலுவையில் போட்ட கதை பாராளுமன்றத்தில் திரும்பத் திரும்பப் பேசப்பட்டது. சட்டத்தைக் காவல் காக்க வேண்டியதும் அரசு, மீறினதும் அரசின் கம்பனி. முப்பது வருசம் கொழுந்து எடுத்துவிட்டு விலகின அம்மா, தன் சொந்தக் காசுக்காக ஆபீஸ் வாசலில் நிற்கிறா. அவவுக்கு எந்த நிறத்தில் சேலை குடுத்தால் நல்லா இருக்கும் என்று யோசிக்கிறதில் என்ன அர்த்தம்?

தோட்டத்தில் பண்டிகைக்குக் குடுக்கிற பெரிய "பரிசு" தீபாவளி அட்வான்ஸ். கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு அதை நத்தாருக்குக் குடுக்கிற தோட்டங்களும் உண்டு. ஒவ்வொரு வருசமும் "பெற்றுக் கொடுத்தோம்" என்று தொழிற்சங்கத் தலைவர்கள் பேப்பரில் நிற்பார்கள், மாலை போடுவார்கள். என்னத்தைப் பெற்றுக் கொடுத்தீங்க? அது முற்பணம். நாளைக்கு நான் உழைக்கப் போகிற காசை இன்றைக்கே என்னிடம் தந்து, பிறகு மாசாமாசம் செக்ரோலில் பிடிக்கிறது. 20,000 ரூபா அட்வான்ஸ் என்று வைப்போம். 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில் அது ஏறக்குறைய 15 நாள் வேலை. பத்து மாசத்தில் பிடித்தால் மாசம் 2,000. தீபாவளிக்கு வாங்கின கடன் ஆடி மாசம் வரைக்கும் சம்பளச் சீட்டில் இழுபடும். முடிஞ்ச கையோடு அடுத்த தீபாவளி வந்திடும்.

கடன் வேண்டாம் என்று நான் சொல்லல. பிள்ளைக்கு உடுப்பு எடுக்க, பலகாரம் சுட அந்தக் காசு தேவை. வட்டிக்காரனிடம் போகிறதைவிட இது எவ்வளவோ மேல். ஆனா கடனைக் கடன் என்று சொல்லுங்க. அதுக்கு மாலை போடாதீங்க.

இந்தப் பழக்கம் புதுசும் இல்ல. கோப்பிக் காலத்தில் எங்க ஆட்கள் தலைமன்னார்ப் பக்கம் இறங்கி, காடு கடந்து, தம்புள்ளை வழியா நடந்து மாத்தளைக்கு வந்தார்கள். 2023இல் மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஆகஸ்ட் 12 வரைக்கும் நடந்தோமே, அதே பாதை. அப்படி வந்தவர்களின் பேரில் முதல் நாளே கணக்கு ஏறிவிட்டது: வழிச் செலவு, அரிசி, கம்பளி. குளிருக்குப் போர்த்த துரை குடுத்த கம்பளி என்று கதை சொல்வார்கள். அந்தக் கம்பளியின் விலை சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டும் என்றால் கடனைச் சொல்கிற "துண்டு" கையில் வேண்டும், புதுத் தோட்டம் அதை அடைக்க வேண்டும். அந்தத் துண்டு முறையை 1921இல்தான் ஒழித்தார்கள். குடுக்கிற மாதிரிக் குடுத்து ஆளைக் கட்டி வைக்கிற வித்தைக்கு எங்க ஊரில் நூற்றாண்டுப் பயிற்சி இருக்கு.

மற்ற நாடுகளில் என்ன செய்கிறார்கள்? பிலிப்பைன்ஸில் 1975 டிசம்பரில் ஒரு ஆணை வந்தது. பதின்மூன்றாவது மாதச் சம்பளம், டிசம்பர் 24க்கு முந்திக் குடுத்தே ஆகணும். இந்தோனேசியா இன்னும் ஒரு படி மேல். அங்கே பண்டிகைக் கொடுப்பனவு சட்டப்படி. ஒரு வருசம் வேலை செய்தவருக்கு ஒரு மாசச் சம்பளம், பண்டிகைக்குக் குறைந்தது 7 நாளுக்கு முந்தி. முக்கியமா, அவரவர் மதத்துப் பண்டிகைக்கு. முஸ்லிம் என்றால் பெருநாளுக்கு, கிறிஸ்தவர் என்றால் நத்தாருக்கு, பௌத்தர் என்றால் வெசாக்குக்கு. இந்தியாவில் 1965இலேயே போனஸ் சட்டம் வந்தது. குறிப்பிட்ட சம்பள வரம்புக்குள் இருக்கிறவர்களுக்கு ஆகக் குறைந்த போனஸ் 8.33 வீதம், ஏறத்தாழ ஒரு மாசச் சம்பளம். இலங்கையில் தனியார் துறைக்கு அப்படி ஒரு போனஸ் சட்டம் கிடையாது. அதனாலதான் இங்கே எல்லாம் முதலாளியின் "மனசு" ஆகிவிடுகிறது. மனசு என்றால் அந்த வருசம் அவர் மூட் எப்படி என்பதுதான்.

அவரவர் பண்டிகை என்கிற விசயம் எங்களுக்கு ரொம்ப முக்கியம். மாத்தளையில் ஒரே கடைக்குள் இந்து, முஸ்லிம், பௌத்தர், கத்தோலிக்கர் எல்லாரும் நிற்பார்கள். நத்தார் வர்த்தக விடுமுறை நாள். தைப்பொங்கலும் அப்படியே. தீபாவளி? அரசாங்க ஆபீசுக்கும் வங்கிக்கும் லீவு, வர்த்தக விடுமுறைப் பட்டியலில் இல்ல. அதாவது பேங்க் சேர் வீட்டில் முறுக்குச் சாப்பிடுவார், அவருக்குச் சட்டை விற்ற பிள்ளை அன்றைக்கும் கடையில் நிற்கும். முத்துமாரியம்மன் கோயில் கடையிலிருந்து கூப்பிடு தூரத்தில இருக்கும், போக முடியாது. இப்படி இருக்கிறப்ப டிசம்பரில் எல்லாருக்கும் ஒரே ஹம்பரைக் குடுத்து "நாங்க மதம் பார்க்கிறதில்ல" என்று சொல்வது அழகான பேச்சுதான். மதம் பார்க்க வேண்டிய ஒரே இடத்திலயும் பார்க்காமல் விட்டுவிட்டீங்களே.

இதுக்கு எதிரா ஒரு வாதம் சொல்வார்கள், நியாயமானதுதான். "தம்பி, காசு இன்னைக்கு வரும், நாளைக்குப் போயிடும். ஒரு பொருள் குடுத்தா அது வீட்டில இருக்கும், நினைப்பு இருக்கும். எல்லாத்தையும் ரூபாயில அளக்கலாமா?" நானும் யோசித்தேன். நினைப்பு வேண்டும் என்கிறவர் எதற்குக் குடையில் தன் கொம்பனிப் பேரை அவ்வளவு பெரிதா அடிக்கிறார்? அந்தக் குடை நினைப்புக்கா, விளம்பரத்துக்கா? மழையில் நனையாமல் இருக்க நான் ஒருவரின் போர்டைத் தூக்கிக்கொண்டு ரத்தொட்ட ரோட்டில் நடக்க வேண்டும். தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர்களுக்கே தேயிலைப் பக்கெட்டைப் பரிசாகக் குடுக்கிற கூத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லல.

சின்னக் கடைக்காரர்களின் கஷ்டம் எனக்குத் தெரியும். 2022க்குப் பிறகு நிமிராத கடைகள் எங்க தெருவிலேயே இருக்கு. சரி, அப்ப ஹம்பரே வேண்டாம். அந்தக் காசை பாக்கியில் கட்டுங்க. பிந்திக் கட்டினால் சேமலாப நிதிக்கு 50 வீதம் வரைக்கும் மேலதிகக் கட்டணம் ஏறும், அது உங்களுக்கும் நல்லதில்ல.

எல்லாம் ஒழுங்காகக் கட்டிவிட்டீங்க, இன்னும் ஏதாவது குடுக்க ஆசை என்றால், காசாகவே குடுங்க. கவரில் போட்டு, பிறகு பிடிக்கிறதில்ல என்று சொல்லிக் குடுங்க. மனேஜருக்குப் பெரிய பெட்டி, கூட்டுகிற அக்காவுக்குச் சின்னப் பெட்டி என்று வேண்டாம், பெட்டியின் அளவை எல்லாரும் பார்ப்பார்கள். செக்கியூரிட்டி மாமா வேற கொம்பனி ஆள் என்று அவரைத் தவிர்க்காதீங்க. ராத்திரி உங்க கடையைத்தான் அவர் பார்த்துக்கொள்கிறார்.

காசைவிட மேலான ஒன்றும் இருக்கு, அது நேரம். டிசம்பர் 24 கடைகளுக்கு வருசத்திலேயே பெரிய யாவாரம். எனக்குத் தெரிந்த ஒரு தோழி புடவைக் கடையில் நிற்கிறா, வீடு எல்கடுவப் பக்கம், கத்தோலிக்கக் குடும்பம். கடைசிக் கஸ்டமர் போய், துணி மடிச்சு, கணக்கு முடிச்சு இறங்கும்போது பஸ் இல்ல. நடுச்சாமப் பூசைக்கு வீட்டார் போயிடுவாங்க, இவ த்ரீவீல் தேடுவா. அந்த வருசம் கையில் ஹம்பரும் இருந்தது. பாரம் வேற. அவவுக்கு அன்றைக்குப் பிற்பகல் நாலு மணிக்கு "போயிட்டு வா பிள்ள, சந்தோசமா கொண்டாடு" என்று ஒருத்தர் சொல்லியிருந்தால் அதற்கு விலையே இல்ல. கடை அலுவலக ஊழியர் சட்டத்தில் வாரத்துக்கு 45 மணித்தியாலம், அதற்கு மேல் என்றால் ஒன்றரை மடங்கு ஓவர்டைம். அந்த ராத்திரிக்கு ஓவர்டைம் எழுதினார்களா என்று கேட்டேன், சிரித்தா.

சார்ல்ஸ் டிக்கன்ஸ் 1843இல் எழுதின "கிறிஸ்மஸ் கரோல்" கதையில் ஸ்க்ரூஜ் தன் கிளார்க் வீட்டுக்குப் பெரிய வான்கோழி அனுப்புவதை எல்லாரும் ஞாபகம் வைத்திருக்கிறோம். இரண்டு விசயத்தை மறந்துவிடுகிறோம். அதை யார் அனுப்பினது என்று சொல்லாமல் அனுப்பினான், ஃபோட்டோ எடுத்துப் போடல. அடுத்த நாள் வேலைக்கு வந்த கிளார்க்குக்குச் சம்பளத்தைக் கூட்டினான். நம்ம ஊர் ஸ்க்ரூஜ்மார் வான்கோழியோடு நின்றுவிடுகிறார்கள், அதுவும் வரிசையில் நிற்க வைத்து, பேஸ்புக்குக்கு.

தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்தில் மூட்டை தூக்குகிற நாட்டாமி அண்ணன்மாரை நினைத்தால் இந்தப் பேச்சே கொஞ்சம் சொகுசாகத்தான் தெரியுது. மூட்டைக் கணக்கில் கூலி. நாலு யாவாரிக்குத் தூக்கினால் நாலு பேரும் "என் ஆள் இல்ல" என்பார்கள். ஹம்பர் குடுக்காவிட்டாலும் குறை சொல்ல அவர்களுக்கு ஒரு முதலாளி இல்ல.

முதலாளி உள்ளவர்கள் இந்த டிசம்பரில் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கு. ஹம்பர் கைக்கு வந்ததும் சம்பளச் சீட்டையும் எடுங்க. 8 வீதம் பிடித்திருக்கா பாருங்க. பிடித்திருந்தால் அது உங்க பேரில் கட்டுப்பட்டிருக்கா என்று மத்திய வங்கியின் சேமலாப நிதிக் கணக்கில் பாருங்க. சீட்டே தருவதில்ல, இலக்கமே இல்ல என்றால் மாத்தளை தொழில் காரியாலயத்துக்குப் போங்க, தனியாகப் போகப் பயம் என்றால் நாலு பேராகப் போங்க. அதற்காக ஹம்பரைத் திருப்பிக் குடுக்கத் தேவையில்ல. கேக்கைச் சாப்பிட்டுக்கொண்டே போகலாம்.