எழுபது பேர் வந்தால் என்ன?

ஒரு குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு எழுபது பேர் எதற்கு? கடன்பட்டுச் சோறு போடும் பழக்கத்தைத் தோட்டத்து மனிதன் எப்போது விடப்போகிறான்?

இப்படிக் கேட்டவர் மலையகத்தில் நெடுங்காலம் மேடையேறி வரும் தொழிற்சங்கப் பிரமுகர் ஒருவர். ஹட்டனுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் என் உறவினர் வீட்டுக் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று, விருந்து முடிந்து வெற்றிலை போட்டபடி கேட்டார். ஆட்டிறைச்சிக் குழம்பை அவர் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கியதைக் குறிப்பிட வேண்டியதில்லை, ஆயினும் குறிப்பிடுகிறேன். பிறர் வீட்டு முற்றத்தில் வாதாடுவது நாகரிகமன்று என்பதால் அங்கே பேசாதிருந்தேன். இங்கே பேசலாம்.

கடன் உண்மைதான். குழந்தையின் தகப்பன் மனைவியின் சங்கிலியை அடகு வைத்திருந்தான். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக அறிவிக்கப்பட்டது. கொழுந்து நிறை குறைந்தால் அன்றைக்கு 'அரைப்பேர்'தான். இந்தச் சம்பளத்தில் ஓர் ஆட்டை வாங்க எத்தனை 'பேர்' போடவேண்டும் என்ற கணக்கு பிரமுகருக்குத் தெரியாததல்ல. சம்பளத்தைப் பற்றி வாய் திறக்கவேண்டியவர் சோற்றைப் பற்றித் திறந்தார். மே தினத்துக்குத் தோட்டம் தோட்டமாகப் பஸ் பிடித்து ஆள் ஏற்றுகையில் அந்தச் செலவை எவரும் வீண் என்று சொல்லக் கேட்டதில்லை.

பணத்தை விடுவோம். உறவு கூடுவதை ஆடம்பரம் என்று சொல்ல, இலங்கையில் வேறு எந்தச் சமூகத்தைப் பார்த்துச் சொன்னாலும் பொறுத்துக்கொள்வேன். மலையகத்தாரைப் பார்த்துச் சொல்லலாகாது.

1948 நவம்பரில் நடைமுறைக்கு வந்த பிரஜாவுரிமைச் சட்டம் என்ன கேட்டது? நீ இங்கே பிறந்தது போதாது. உன் தகப்பன் இங்கே பிறந்தவன் என்று காட்டு. முடியாவிட்டால் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததைக் காட்டு என்றது. லயத்தில் பிறந்து, செக்ரோலில் மட்டுமே பேர் விழுந்து, தேயிலைக்கடியிலேயே புதைந்தவர்களின் பிறப்புக்குக் கடதாசி எங்கிருந்து வரும்? 'இவன் தகப்பன் பிறந்தபோது தொப்புள்கொடி அறுத்தவள் நான்' என்று சொல்லத்தக்க கிழவிகள் லயத்துக்கு லயம் இருந்தார்கள். அவர்களுடைய வாய்ச்சொல் ஆவணமாகவில்லை.

கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டத் தொகுப்பை இதனருகே வைத்துப் பாருங்கள். எவருக்கும் பாதகமில்லையெனில், ஒருவர் ஞானஸ்நானம் பெற்றார் என்பதை நிரூபிக்க ஐயத்துக்கிடமற்ற ஒரே சாட்சி போதும் என்கிறது அது. 1983 ஆம் ஆண்டுத் தொகுப்பில் மட்டுமன்று, 1917 ஆம் ஆண்டுத் தொகுப்பிலும் இந்த ஏற்பாடு உண்டு. ஆன்மாவின் கணக்குக்கு ஒரு சாட்சி போதுமென்றால், வாக்குரிமையின் கணக்குக்கு ஒரு லயமே திரண்டு சொல்லியும் போதவில்லை.

திருச்சபைகளுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. 1854 இல் தொடங்கிய ஆங்கிலிக்கன் மிஷன், 'தமிழ்க் கூலி மிஷன்' என்று கூலியைத் தன் பெயரிலேயே சுமந்திருந்தது. டிக்கோயாவில் 1878 இல் எழுந்த வோர்லி தேவாலயம் தோட்டத் துரைமாரின் வழிபாட்டுக்கே கட்டப்பட்டது. ஆனாலும் ஞானஸ்நானப் பதிவேட்டில் தகப்பன் பெயரும் தாய் பெயரும் ஞானப்பெற்றோர் பெயரும் சேர்ந்து எழுதப்பட்டன. செக்ரோலில் ஆளுக்கு ஒரு வரிதான்.

அடுத்து வந்தது 1949 ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம். மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இடைவிடாது இங்கே வாழ்ந்திருக்கவேண்டும் என்றது. ஒருமுறை ஊருக்குப் போய் 12 மாதத்துக்கு மேல் தங்கினால் அந்தத் தொடர்ச்சி அறுந்தது. ஏறத்தாழ 8 இலட்சத்து 24 ஆயிரம் பேருக்காக விண்ணப்பம் போடப்பட்டது. உரிமை பெற்றவர் சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர்.

மிச்சப்பட்டோரை 1964 ஒக்டோபர் 30 அன்று சிறிமாவும் சாஸ்திரியும் பங்கு போட்டார்கள்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வது. அந்த மீதியை 1974 இல் சரிபாதியாக்கினார்கள். அண்ணன் அந்தப் பக்கம், தம்பி இந்தப் பக்கம். கட்டிக்கொடுத்த மகள் இங்கே, பெற்றவர்கள் அங்கே. கோச்சியேறித் தலைமன்னார் போய்க் கப்பலேறியவர்களை நீலகிரியின் கூடலூரும் கோத்தகிரியும் மறுபடி தேயிலைத் தோட்டத்திலேயே நிறுத்தின. அவர்களுக்கென்றே தமிழக அரசு 1968 இல் தேயிலைத் தோட்டம் போட்டது.

எங்கள் வீட்டு ஞானஸ்நானத்துக்கு யார் யார் வந்தார்கள் என்று பிரமுகர் எண்ணிப் பார்த்தார். யார் வரவில்லை என்று எண்ணவில்லை. குழந்தையின் பாட்டனுடைய தம்பி கோத்தகிரியில் இருக்கிறார். அறுபதைக் கடந்த அந்த மனிதரின் முகத்தை வாட்ஸ்அப்பில் காட்டினார்கள். தாய்மாமன் கட்டாரில் இருக்கிறான், லீவு கிடைக்கவில்லை. வந்தவர்கள் பொகவந்தலாவையிலிருந்தும் இராகலையிலிருந்தும் கொழும்புக் கடைகளிலிருந்தும் ஒருநாள் சம்பளத்தை விட்டு வந்தவர்கள். 'இவர் உனக்குச் சின்னத்தா முறை, இவள் உனக்கு மதினி' என்று கிழவர்கள் முறை சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். முறை தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போகிறார்கள். இன்னொரு நாள் கூடினால் இன்னும் சிலர் இருக்கமாட்டார்கள்.

2023 இல் மலையகத்தாரின் 200 ஆண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தார்கள், நல்ல காரியம். அந்த ஆண்டு முழுவதும் காட்டுவழியில் மடிந்த முன்னோருக்காக மேடைமேடையாகக் கண்ணீர் விட்டவர்கள் பலர். அந்த முன்னோரின் பேரப்பிள்ளைகள் உயிரோடு ஓரிடத்தில் கூடிச் சாப்பிட்டால் மட்டும் அது அவர்களுக்கு வீண்செலவாகிவிடுகிறது.

இன்னொன்று. எழுபது பேரையும் எங்கே உட்காரவைத்தார்கள் என்று அவர் பார்த்தாரா? பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா அது. அடுத்த காம்பராக்காரர்கள் தங்கள் அடுப்படியையும் திண்ணையையும் விட்டுக்கொடுத்தார்கள். அதில் பாதிப்பேர் இந்துக்கள். முற்றத்தில் வாடகைத் தறப்பாள் கட்டி, மழை ஒழுகி, சேற்றில் பலகை போட்டுப் பந்தி நடந்தது. அத்தனை பெரிய தோட்டத்தில் ஒரு மண்டபம் இல்லை. சங்கச் சந்தா மட்டும் மாதாமாதம் சம்பளத்தில் தவறாமல் பிடிபடுகிறது. பிரமுகர் அவர்களே, செலவைக் குறைக்க வழி கேட்டீர்கள். சந்தாப் பணத்தில் அங்கே ஒரு மண்டபம் கட்டுங்கள். அடுத்த ஞானஸ்நானத்துக்குத் தறப்பாள் வாடகையாவது மிஞ்சும்.