இந்த ஊசி யாருக்குப் போய்ச் சேர வேண்டும்?

உடல் எடையைக் குறைக்கும் ஊசி நல்ல மருந்தா, கெட்ட மருந்தா என்று கேட்டால் நல்ல மருந்து என்றே சொல்வேன். நான் திருச்சி உறையூரில் மருந்துக்கடை நடத்தும் மருந்தாளுநர். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை எடுத்துக் கொடுத்தே தலை நரைத்தவள். எடை குறையும் என்று சொல்லிக்கொண்டு வந்த மருந்துகளில் நான் மதிப்போடு பார்க்கும் முதல் மருந்து இது. ஆனால் கடைக்கு வந்து இதைக் கேட்கிறவர்களில் பெரும்பாலோருக்கு இது தேவையில்லை. தேவைப்படுகிறவர்களுக்கோ இப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. இந்தக் கோணல் சரியாக வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

முன்பு வந்த எடை குறைப்பு மருந்துகளின் கதை நல்லதாக இல்லை. ஃபென்ஃபுளூரமைன் இதய வால்வைக் கெடுக்கிறது என்று தெரிந்து 1997இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. சிபுட்ரமைன் எங்கள் கடை அலமாரியிலேயே இருந்தது. இதய நோய் உள்ளவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுகின்றன என்று ஆய்வில் தெரிந்ததும் 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அதை நிறுத்தினார்கள். மறு வருஷம் இந்தியாவிலும் தடை வந்தது. எடையைக் குறைக்கப் போய் இதயத்தைப் பறிகொடுக்க வைத்த மருந்துகள் அவை. இப்போது வந்திருக்கும் ஊசி மருந்தான செமாக்ளுடைடு இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. ஏற்கெனவே இதய நோய் உள்ள, ஆனால் சர்க்கரை நோய் இல்லாத, எடை கூடிய 17,604 பேரை வைத்துச் செய்த செலக்ட் ஆய்வின் முடிவு 2023இல் வெளியானது. மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் மூன்றும் சேர்ந்து 20 சதவீதம் குறைந்திருந்தன. கண்ணாடி முன்னால் நிற்பதற்காக மட்டும் வந்த மருந்தாக இருந்தால் நான் இவ்வளவு தூரம் பேச மாட்டேன்.

நாம் சாப்பிட்டதும் குடலில் சுரக்கிற ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைப் போல நடந்துகொள்ளும் மருந்து இது. இரைப்பை மெதுவாகக் காலியாகிறது, போதும் என்ற செய்தி மூளைக்குச் சீக்கிரம் போகிறது, சர்க்கரை ஏறும்போது இன்சுலின் சுரக்கிறது. இதே வகையைச் சேர்ந்த டிர்செபடைடு இதோடு இன்னொரு ஹார்மோனின் வேலையையும் செய்கிறது. வாரம் ஒரு ஊசி. 2021இல் வந்த ஆய்வில் செமாக்ளுடைடு போட்டவர்களுக்கு 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீத எடை குறைந்தது. டிர்செபடைடின் உச்ச அளவில் அது 21 சதவீதம் வரை போனது.

எண்கள் ஒரு பக்கம் இருக்கட்டும். என் அக்கா ஸ்ரீரங்கத்தில் இருக்கிறார். இரண்டு வேளை இன்சுலின், கல்லீரலில் கொழுப்பு, மாடிப்படி ஏற முடியாத முழங்கால். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சாய்வு நாற்காலியிலேயே தூங்குவார். சர்க்கரை நோய் மருத்துவர் பரிசோதனைகள் எல்லாம் பார்த்து டிர்செபடைடு ஆரம்பித்தார். சில வாரம் கழித்து அக்கா என்னிடம் சொன்னது இதுதான்: "சாப்பிட்டுக் கை கழுவுன ஈரம் காயறதுக்குள்ள அடுத்து என்ன இருக்குன்னு மனசு அடுப்படியச் சுத்தும்டி. இப்ப அந்த நெனப்பே வரல. எல்லாரும் இப்படித்தான் இருந்தாங்களா இத்தனை நாளா?" வாயைக் கட்டத் தெரியாதவள் என்று மாமியார் வீட்டிலும் பிறந்த வீட்டிலும் கேட்டுக் கேட்டு வளர்ந்த அவமானம் அந்தக் கேள்வியில் இருந்தது. பசியின் அளவு ஆளுக்கு ஆள் வேறு, அது குணக்கேடு அல்ல என்று எங்கள் குடும்பத்துக்கு இந்த மருந்துதான் புரியவைத்தது. இன்சுலின் அளவு பாதிக்கும் கீழே வந்துவிட்டது. இப்போது கட்டிலில் படுத்துத் தூங்குகிறார்.

இனி மறுபக்கம். போன மாதம் ஒரு அம்மாவும் பெண்ணும் வந்தார்கள். பெண்ணுக்கு 24 வயது, கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. மருத்துவரின் சீட்டு இல்லை. கைபேசியில் மருந்துப் பெட்டியின் படம் மட்டும் இருந்தது. "மேடம், முகூர்த்தத்துக்குள்ள ஒரு அஞ்சு கிலோ எறங்குனாப் போதும். ரெண்டு மாசம் போட்டுட்டு நிறுத்திடலாம்ல?" கடையில் இருக்கும் எடை மெஷினில் பெண்ணை ஏறச் சொன்னேன். 59 கிலோ. உயரம் 162 சென்டிமீட்டர். இந்தியர்களுக்கென்று இன்னும் இறுக்கி வைத்திருக்கும் அளவுகோலின்படி பார்த்தாலும் இது சரியான எடை. யார் குண்டு என்று சொன்னது என்று கேட்டேன். மாப்பிள்ளை வீட்டில் யாரும் சொல்லவில்லையாம். பிளவுஸ் அளவெடுத்த டெய்லர் சொன்னாராம்.

அந்த அம்மாவிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். இரண்டு மாதக் கோர்ஸ் என்று இதில் எதுவும் கிடையாது. முதல் மாதம் போடுவது உடம்பு பழகுவதற்கான சிறிய அளவு. செமாக்ளுடைடில் முழு அளவுக்குப் போகவே நான்கு மாதம் ஆகும். நிறுத்தினால் பசி பழையபடி திரும்பும். ஆய்வில் மருந்தை நிறுத்தியவர்களுக்கு, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே வருஷத்தில் திரும்ப ஏறிவிட்டது. பிரஷர் மாத்திரையை நிறுத்தினால் பிரஷர் ஏறுவது போலத்தான் இதுவும். புதுப்பெண்ணுக்கு இன்னொன்றும் உண்டு. கருத்தரிக்க நினைப்பதற்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே செமாக்ளுடைடை நிறுத்திவிட வேண்டும். டிர்செபடைடு போடும்போது கருத்தடை மாத்திரை சரியாக வேலை செய்யாமல் போகலாம். கல்யாணமான மாதத்திலிருந்தே "விசேஷம் உண்டா" என்று கேட்கும் நம் வீடுகளில் இதை யாராவது அந்தப் பெண்ணிடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டாமா? ஊசி கொடுக்காமல் அனுப்பினேன். வேறு கடையில் வாங்கியிருந்தால் எனக்குத் தெரியாது.

பக்க விளைவுகளைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லக் கூடாது, மறைக்கவும் கூடாது. குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல் ஆகியவை பலருக்கு வரும். அளவை மெதுவாகக் கூட்டினால் பெரும்பாலும் அடங்கும். ஆனால் திருச்சி வெயிலில் வாந்தியும் எடுத்து, தாகமும் குறைந்து, தண்ணீரும் குடிக்காமல் இருந்தால் சிறுநீரகம் பாதிக்கப்படும். பித்தப்பைக் கல் வரலாம். கணைய அழற்சி அபூர்வம். வந்தால் ஆபத்து, முதுகு வரை பரவும் கடுமையான வயிற்றுவலியை வாயுப் பிடிப்பு என்று நினைத்து உட்கார்ந்திருக்கக் கூடாது. தைராய்டில் மெடுல்லரி வகைப் புற்றுநோய் குடும்பத்தில் இருந்தால் இந்த மருந்தே வேண்டாம். செமாக்ளுடைடால் கண் நரம்பு பாதிக்கப்படுவது 10,000 பேரில் ஒருவர் வரை நடக்கலாம் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2025இல் சொன்னது. திடீரென்று பார்வை மங்கினால் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்கள் மயக்க மருத்துவரிடம் இந்த ஊசி போடுவதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், வெறும் வயிறு என்று நினைக்கும் நேரத்திலும் இரைப்பையில் உணவு தங்கியிருக்கக்கூடும்.

எங்கள் ஊர்ப் பக்கம் நான் அதிகம் பயப்படுவது கிளிமிபிரைடு மாத்திரையைப் பற்றி. மெட்ஃபார்மினோடு சேர்த்து வரும் அந்த மாத்திரை இல்லாத சர்க்கரை நோயாளியை என் கடையில் தேட வேண்டும். அதை அப்படியே விழுங்கிக்கொண்டு, இந்த ஊசியையும் போட்டுக்கொண்டு, பாதிச் சாப்பாடு சாப்பிட்டால் சர்க்கரை தடாலென்று இறங்கும். ஊசி எழுதும் மருத்துவர் பழைய மாத்திரையின் அளவைக் குறைத்தாரா என்று பார்த்துவிட்டுத்தான் நான் பில் போடுகிறேன்.

எல்லாவற்றையும் விட எனக்குப் பெரிதாகப் படுவது தசை. இதைப் பற்றி நம் ஊரில் பேச்சே இல்லை. எடை குறையும்போது கொழுப்பு மட்டும் போவதில்லை. குறைந்த எடையில் கால் பங்கிலிருந்து ஐந்தில் இரண்டு பங்கு வரை தசையும் மற்றக் கொழுப்பில்லாத பகுதியும் போகலாம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. வெள்ளைக்காரர் உடம்பு இதை ஓரளவு தாங்கும். நம் உடம்பு வேறு மாதிரி. அதே எடை, அதே உயரம் இருந்தும் இந்தியருக்குக் கொழுப்பு அதிகம், தசை குறைவு என்று புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக் பல வருஷங்களாகச் சொல்லிவருகிறார். இருப்பே குறைவாக உள்ளவர்கள் அதிலிருந்தும் இழந்தால் நிற்கவும் நடக்கவும் என்ன மிஞ்சும்? மருந்தை நிறுத்தித் திரும்ப ஏறுவதோ பெரும்பாலும் கொழுப்பு.

அக்காவின் தட்டைப் பார்த்தபோதுதான் எனக்கு இது உறைத்தது. காலையில் நான்கு இட்லி சாப்பிட்டவர் ஒன்றரை இட்லியில் நிறுத்தினார். மதியம் நான்கு கரண்டி ரசம் சாதம். இரவு பாதித் தோசை. எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள், "பாரேன், எவ்வளவு கட்டுப்பாடு!" என்று. ஒரு இட்லியில் இரண்டு கிராம் அளவுதான் புரதம் இருக்கும். கிலோவுக்கு ஒரு கிராம் என்று வைத்தாலே 80 கிலோ ஆளுக்கு 80 கிராம் வேண்டும். அக்காவுக்கு அதில் கால் பங்கு போயிருந்தால் பெரிது. முழங்கால் வலி குறைந்தும் தரையிலிருந்து எழ முடியாமல் கை ஊன்றித் தடுமாறினார். உணவு ஆலோசகர் தட்டின் வரிசையை மாற்றினார்: முதலில் இரண்டு முட்டை அல்லது ஒரு கிண்ணம் சுண்டல், பிறகு கெட்டித் தயிரோ பனீரோ மீனோ, அதற்குப் பிறகு இடமிருந்தால் இட்லியும் சோறும். காலையும் மாலையும் கையை ஊன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி, தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்கும் பயிற்சி. இந்தச் சாப்பாடும் பயிற்சியும் இல்லாமல் ஊசி மட்டும் போட்டால் எடை குறைந்த நோயாளியாகத்தான் ஆவோம். ஊசி எழுதும் சீட்டிலேயே புரதமும் பயிற்சியும் எழுதப்பட வேண்டும்.

இனி விலை. டிர்செபடைடு 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தபோது தொடக்க அளவு குப்பி 3,500 ரூபாய், அடுத்த அளவு 4,375, வாரம் ஒன்று. உடல் பருமனுக்கான செமாக்ளுடைடு அந்த ஜூனில் மாதம் 17,345 ரூபாயில் தொடங்கி, நவம்பரில் விலை குறைக்கப்பட்டது. செமாக்ளுடைடின் இந்தியக் காப்புரிமைக் காலம் 2026 மார்ச் வரைதான். இந்திய நிறுவனங்கள் பல சொந்தத் தயாரிப்போடு இறங்கும்போது விலையும் இறங்கும். விலை இறங்குவதை நான் வரவேற்கிறேன். கூடவே போலிகளும் வரும். போலி செமாக்ளுடைடு பிரேசில், பிரிட்டன், அமெரிக்கா மூன்றிலும் பிடிபட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2024இல் எச்சரித்திருக்கிறது. பில் இல்லாமல், குளிர்பெட்டி இல்லாமல், ஜிம்மிலும் அழகு நிலையத்திலும் கைமாறும் ஊசியை வாங்கவே கூடாது. பிரிக்காத பேனா ஊசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய பொருள். வெயிலில் பைக் டிக்கியில் வந்ததில் என்ன மிச்சம் இருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது.

உடல் பருமனைக் குணப்படுத்துவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954ஆம் வருஷத்து மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டமே தடை செய்கிறது. சட்டத்தின் அட்டவணையில் உடல் பருமன் பெயர் சொல்லியே இருக்கிறது. ஆனாலும் ஆட்டோ முதுகிலும் இன்ஸ்டாகிராமிலும் அந்த விளம்பரத்தைத்தான் நாள் முழுக்கப் பார்க்கிறோம். புதுச் சட்டம் வேண்டாம், இருப்பதைக் கையில் எடுத்தாலே போதும். சீட்டு இல்லாமல் இந்த ஊசியை விற்கும் கடையின் உரிமத்தையும் நிறுத்திவைக்கட்டும். மருந்துக்கடைக்காரி நானே கேட்கிறேன்.

காந்தி மார்க்கெட்டில் காய்கறி விற்கும் ஒரு அம்மா மாதா மாதம் எங்கள் கடைக்கு வருவார். அக்காவுக்கு இருந்த அத்தனையும் அவருக்கும் உண்டு: சர்க்கரை, பிரஷர், கல்லீரல் கொழுப்பு, மூச்சு முட்டல். விடியற்காலை மூட்டை இறக்கும் நேரத்தில் ஆரம்பிக்கும் வேலை. "நடங்க, சோத்தக் குறைங்கன்னு சொல்றாங்கம்மா. நான் உக்காந்தா இருக்கேன்?" என்று கேட்டார். மருத்துவக் கணக்குப்படி இந்த ஊசி முதலில் போக வேண்டியது அவருக்கு. அவருடைய மாத வருமானத்தில் அது நடக்காது. தமிழ்நாட்டுப் பெண்களில் 40 சதவீதம் பேர் எடை கூடியவர்கள் என்று 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. அவர்களில் எத்தனை பேர் இந்த அம்மாவைப் போல இருப்பார்கள்!

இரண்டாம் வகைச் சர்க்கரையோடு உடல் பருமனும் இதய, சிறுநீரக நோயும் உள்ளவர்களுக்காக இந்த மருந்துகளை உலக சுகாதார நிறுவனம் 2025 செப்டம்பரில் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. மொத்தமாக வாங்கி விலையைக் குறைக்கத் தெரிந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இலிருந்தே நம்மிடம் இருக்கிறது. வீடு தேடிப் போய்ச் சர்க்கரை மாத்திரை கொடுக்க 2021இலிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இருக்கிறது. அந்தத் திட்டத்தின் பணியாளர்கள் கையில் ஒரு அளவு நாடா கொடுத்தால் இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரைத் தாண்டியவர்கள் யார் என்று தெரிந்துவிடும். அவர்களில் சர்க்கரையும் இதய நோயும் சேர்ந்தவர்களுக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் சர்க்கரை நோய்ப் பிரிவில் இந்த ஊசியைத் தொடங்கலாம். ஒவ்வொரு பிரிவிலும் ஒரு உணவு ஆலோசகரும் ஒரு இயன்முறை சிகிச்சையாளரும் இருக்க வேண்டும். அவர்களை நியமிக்காமல் ஊசியை மட்டும் வாங்கிக் கொடுப்பதாக இருந்தால் இப்போதைக்கு வேண்டாம் என்பேன்.