காற்றைக் கைது செய்ய முடியுமா?

"விஷவாயு தாக்கி தொழிலாளி பரிதாப சாவு!" இப்படி ஒரு செய்தி வராத வருஷம் உண்டா? ஊர் பெயர் மாறும். ஆள் பெயர் மாறும். விஷவாயு மட்டும் மாறாது. எல்லாப் பழியும் அதன் தலையில்தான். போலீசார் விலங்கை எடுத்துக்கொண்டு காற்றைப் பிடிக்கப் போக வேண்டியதுதான்!

மூடிய தொட்டியில் மலமும் கழிவும் அழுகினால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். முதலில் அழுகிய முட்டை நாற்றம். அளவு மிஞ்சினால் மூக்கு மரத்துப் போகும், நாத்தமே தெரியாது. "என்னடா, சத்தத்தைக் காணோம்" என்று மேலே நிற்பவனும் இறங்குவான். ஒருவரைத் தூக்கப் போய் மூன்று பேர் பிணமாவது இப்படித்தான்.

இதையெல்லாம் சுகாதாரம் படிக்கும் பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். குடிதண்ணீரில் லிட்டருக்கு 0.5 மில்லி கிராம் குளோரின் மிச்சம் இருக்கணும் என்பதும் தெரியும். ஆனால், குழிக்குள் இறங்கியவனைக் கூட்டி வந்தது யார்? கூலி எவ்வளவு? கயிறு, முகமூடி கொடுத்தார்களா? செத்தவன் வீடு பெரும்பாலும் அருந்ததியர் தெருவிலோ ஆதிதிராவிடர் காலனியிலோ இருப்பது ஏன்? இந்தக் கேள்விகளும் பாடம்தானே!

சட்டத்துக்குப் பஞ்சமில்லை. 1939-லேயே பொது சுகாதாரச் சட்டம் போட்ட சென்னை மாகாணம் இது. கையால் மலம் அள்ள வைப்பதைத் தடுக்க 1993-ல் ஒரு சட்டம், 2013-ல் இன்னொன்று. பாதுகாப்பு இல்லாமல் ஒருவரைக் கழிவுநீர்த் தொட்டியில் இறக்கினால் முதல் தடவைக்கே 2 வருஷம் வரை ஜெயில், அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று சுப்ரீம் கோர்ட் 2014-ல் சொன்னது. 2023-ல் அதையே 30 லட்சமாக்கியது. தொகை ஏறியது. சாவு நிற்கவில்லை. கான்கிராக்டர் கம்பி எண்ணினார் என்று எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறார்கள்?

"ஆரோக்கியப் பாடத்தில் சாதி, கூலி எல்லாம் என்னாத்துக்கு? அது அரசியல் சார்" என்பவர்கள் உண்டு. 1848-ல் பிரஷ்யா அரசு, டைபஸ் காய்ச்சலை விசாரிக்க விர்ச்சோ என்ற 26 வயது டாக்டரை மேல் சைலீசியாவுக்கு அனுப்பியது. மருந்துச் சீட்டோடு வருவார் என்று பார்த்தால், பசியும் வறுமையும் மோசமான நிர்வாகமுமே காரணம் என்று எழுதிக் கொடுத்தார். மேலிடத்துக்குக் கசந்தது. அந்த டாக்டரை விட நம்மூர் பிள்ளைகளுக்கு விவரம் குறைவா என்ன!

மருத்துவ மாணவர்கள் குடும்பங்களைத் தத்தெடுத்துக் கவனிக்கும் திட்டம் சில வருஷங்களாக இருக்கிறது. நல்லது. பி.பி. பார்த்து, சர்க்கரை பார்த்து குறிப்பேட்டை மூடிவிடாமல், தொட்டி சுத்தம் பண்ணுகிற ஒருவர் வீட்டுத் திண்ணையிலும் அவர்களை உட்கார வைக்கலாம். ராத்திரி பத்து மணிக்கு யார் கூப்பிடுகிறார்கள், மறுத்தால் மறுநாள் வேலை உண்டா என்று அந்த வீட்டு அம்மாவே சொல்வார். எந்தப் புத்தகத்தையும் விட விவரமாகச் சொல்வார்.

சுகாதார ஆய்வாளர் பரீட்சையிலும் பிளீச்சிங் பவுடர் கேள்வியோடு இன்னொன்று வரட்டும். "குழி மூடி திறந்து கிடக்கிறது. இடுப்பில் கயிறுகூட இல்லாமல் ஒருவர் இறங்கப் போகிறார். பக்கத்தில் கான்கிராக்டர் நிற்கிறார். நீ என்ன செய்வாய்?" பத்து மார்க்.