காமிக்ஸ் லேட்டானா ஓவியரைத் திட்டாதீங்க

சூப்பர்ஹீரோ காமிக்ஸ் லேட்டா வந்தா எல்லாரும் முதல்ல திட்டுறது ஓவியரைத்தான். "படம் வரைய நேரம் ஆகுதுங்க, என்ன பண்றது" என்று கம்பெனியும் தலையைச் சொறியும். இந்த நீளமான த்ரெட்டில் நான் சொல்ல வர்றது வேற. பல சமயம் ஓவியர் பென்சிலைச் சீவி வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கார். ஸ்கிரிப்ட் வரல. எழுத வேண்டியவர் சினிமாவிலோ டிவியிலோ வேற வேலையில் இருக்கார். அவருக்கு நேரம் இருக்கான்னு சரியா விசாரிக்காமலேயே கம்பெனி அவர் பேரைப் போட்டு ஆர்டர் வாங்கி முடிச்சிருக்கு.

மார்வெலின் 'அல்டிமேட் வுல்வரின் வெர்சஸ் ஹல்க்' எடுத்துக்குங்க. மொத்தம் ஆறே இதழ். எழுதியவர் டேமன் லிண்டெலாஃப், 'லாஸ்ட்' டிவி தொடரை உருவாக்கியவர்களில் ஒருவர். தொடக்கத்திலேயே ஹல்க் வுல்வரினை இடுப்போடு ரெண்டாகக் கிழிச்சுப் போடுறார். கால்கள் தூரத்தில் மலைக்கு மேலே, ஆள் கீழே. விபத்துப் பிரிவில் வேலை பார்த்தவங்களுக்கே வயிறு கலங்கும். முதல் இதழ் 2005 டிசம்பரில் வந்தது, ரெண்டாவது 2006 பிப்ரவரியில். மூணாவது வந்தது 2009 மார்ச்சில்! ரெண்டு துண்டாக் கிடந்தது வுல்வரின் மட்டுமில்ல, கதையும்தான். அந்த மூணு வருஷமும் 'லாஸ்ட்' ஓடிக்கிட்டேதான் இருந்தது.

இதைவிட மோசம் கெவின் ஸ்மித் எழுதிய 'ஸ்பைடர்மேன் / பிளாக் கேட்: தி ஈவில் தட் மென் டூ'. வில்லனோட சக்தியே போதைமருந்தை அடுத்தவங்க உடம்புக்குள்ள நேரா அனுப்புறதுதான். பிளாக் கேட்டுக்கு ஹெராயினை ஏத்தி, அவளைப் பலாத்காரம் செய்ய முயற்சி பண்றான். 2002ல் மூணு இதழ் வந்து, அவள் அந்த ஆபத்தில் மாட்டியிருக்கும்போதே கதை நின்னுடுச்சு. மிச்ச மூணு இதழ் தொடங்கியது 2005 கடைசியில். ஹெராயின் ஓவர்டோஸுக்கு நாலாக்ஸோன் ஊசி போட்டா சில நிமிஷத்தில் மூச்சு திரும்பும். இங்கே பேஷண்ட்டை மூணு வருஷம் அப்படியே போட்டுட்டுப் போயிட்டாங்க. அதுவும் எந்தக் காட்சியில் விட்டுட்டுப் போறோம்னு ஒரு கூச்சம் வேண்டாமா? பாலியல் வன்முறையைத் திருப்பமா வெச்சு வாசகரை உட்கார வைக்கிறவர், எழுந்து போகக் கூடாது.

அதே ஸ்மித்தின் 'டேர்டெவில்: தி டார்கெட்' ஒரே இதழோட நின்னது. 'பேட்மேன்: தி வைடனிங் கைர்' 2010ல் ஆறாவது இதழில், உச்சக்கட்டத்தில், அந்தரத்தில் நிக்குது. தொடர்ச்சி வரல.

இந்த வேலை எப்படி நடக்குதுன்னு தெரிஞ்சாத்தான் கோபம் எங்கே போகணும்னு புரியும். முதல்ல ஸ்கிரிப்ட். பிறகு பென்சில், அப்புறம் மை, அப்புறம் கலர், கடைசியில் வசன எழுத்து, அச்சு. ஒரு இதழுக்கு 20-22 பக்கம். ஒரு பக்கம் வரைய ஓவியருக்குச் சுமார் ஒரு நாள். வேகமான எழுத்தாளர் ஒரே மாசத்தில் மூணு நாலு தொடர்கூட எழுதுவார். ஓவியரால் ஒன்றைத் தாண்டுவதே கஷ்டம். பெரும்பாலும் பக்கக் கணக்கில்தான் கூலி. பக்கம் இல்லைன்னா காசு இல்லை.

ஸ்கிரிப்ட் மூணு வாரம் லேட்டா வந்தா, அந்த மூணு வாரத்தையும் பின்னாடி இருக்கிற எல்லாரும் தூக்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கணும். கலர் போடுறவரும் வசனம் எழுதுறவரும் கடைசி ரெண்டு மூணு நாளில் விடிய விடிய வேலை செய்வாங்க. அப்படியும் தேதி தவறினா, கடைசியா யார் கையில் இருந்ததோ அவர் பேர் கெடும்.

எங்க தொழிலில் இதுக்கு அச்சு அசலா ஒரு காட்சி உண்டு. காலை 8 மணிக்கு ஆபரேஷன். பேஷண்ட் ராத்திரியிலிருந்து வெறும் வயிறு. மயக்க மருந்து டாக்டர் ரெடி, தியேட்டர் சிஸ்டர் ரெடி. சர்ஜன் நாலு ஆஸ்பத்திரியில் பேர் கொடுத்திருப்பார், மத்தியானம் ஒரு மணிக்கு வருவார். வெளியே பேஷண்ட்டோட அண்ணன் யார்கிட்ட சண்டை போடுவார்? சிஸ்டர்கிட்ட. சர்ஜன் வந்ததும் எழுந்து நின்னு கும்பிடுவார்.

இப்போ காசு யாருதுன்னு பாருங்க. 1970களில் ஃபில் சூலிங் என்பவர் தொடங்கி வெச்ச முறை இது: காமிக்ஸ் கடைக்காரர் ரெண்டு மூணு மாசம் முன்னாடியே ஆர்டர் கொடுக்கணும், விக்காத பிரதியைத் திருப்பித் தர முடியாது. அதாவது பெரிய பேரை நம்பிப் பந்தயம் கட்டுறது கம்பெனி இல்ல, கடைக்காரர். ரொம்ப லேட்டானா திருப்பி எடுத்துக்குற விதி ஒப்பந்தத்தில் உண்டு. அதை மார்வெல் மதிக்கலைன்னுதான் 2002ல் சான் ஃபிரான்சிஸ்கோ கடைக்காரர் பிரையன் ஹிப்ஸ் எல்லாக் கடைக்காரர் சார்பிலும் வழக்குப் போட்டார். சமரசத்தில் முடிஞ்சது, மார்வெல் கடைகளுக்கு ஈடு கொடுக்க வேண்டி வந்தது. ஒரு சின்னக் கடைக்காரர் கோர்ட்டுக்குப் போய்த்தான் "தேதி தவறினா சரக்கை எடுத்துக்கோ" என்பதை நிறைவேத்த முடிஞ்சதுன்னா, தாமதம் அங்கே விபத்து இல்ல, வியாபார முறை.

முன்னாடியும் லேட் உண்டு. 1970களில் மார்வெல் அதுக்கு ஒரு செல்லப் பேரே வெச்சிருந்தது, 'டிரெடட் டெட்லைன் டூம்' என்று. ஆனா அன்னைக்கு எடிட்டர் மேஜையில் அவசரத்துக்குன்னு ஒரு தனிக்கதை தயாரா இருக்கும், இல்லைன்னா பழைய கதையை மறுபதிப்புப் போடுவாங்க. கதை சுமாராத்தான் இருக்கும், இதழ் வந்துடும். 2000க்கு அப்புறம் ஆறு இதழைச் சேர்த்து ஒரே புத்தகமா விக்கிறதில் காசு வந்தது. நடுவில் வேற ஆள் நுழைஞ்சா புத்தகம் கெட்டுடும்னு காத்திருக்க ஆரம்பிச்சாங்க. எழுத்தாளர் கையில் கயிறு போனது அங்கேதான்.

நடுவில் வேற ஆள் நுழைஞ்சப்போ என்ன கூத்து நடந்ததுன்னும் பாருங்க. 2006ல் டிசி 'வொண்டர் வுமன்' தொடரை முதல் இதழிலிருந்து புதுசாத் தொடங்கியது. எழுத்தாளர் ஆலன் ஹைன்பெர்க், அவரும் டிவிக்காரர். நாலு இதழோட திணறிடுச்சு. அவர் கதை முடியறதுக்குள்ளேயே நாவலாசிரியர் ஜோடி பிக்கோ ஆறாவது இதழிலிருந்து அடுத்த கதையை ஆரம்பிச்சு எழுதி முடிச்சார். முதல் கதையின் முடிவு 2007ல், அதுக்கும் பிறகு, ஒரு ஆண்டு மலரில் வந்தது. 2010ல் ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி சூப்பர்மேன், வொண்டர் வுமன் ரெண்டையும் பெரிய விளம்பரத்தோட தொடங்கி, சில மாசத்திலேயே விட்டுட்டு வேற புத்தகத்துக்குப் போனார். மிச்சத்தை முடிச்சது கிறிஸ் ராபர்சனும் ஃபில் ஹெஸ்டரும். அடுத்தவர் போட்ட பாதையில் நடந்து, அடுத்தவருக்கு விழ வேண்டிய திட்டையும் வாங்கிக்கிட்டாங்க.

"டாக்டர், நல்ல கலைக்கு நேரம் ஆகும். பத்து வருஷம் கழிச்சுப் புத்தகமாப் படிக்கிறவன் தாமதத்தையா பார்ப்பான்?" என்று கேப்பீங்க. பாதி சரி. வாரன் எல்லிஸ், ஜான் கசாடே சேர்ந்து பண்ண 'பிளானட்டரி'யின் 26ஆவது இதழ் 2006ல், 27ஆவது 2009ல். இன்னைக்கு மொத்தமாப் படிச்சா அந்த இடைவெளியே தெரியாது, அருமையான தொடர். ஆனா இந்த வாதத்தில் ஒரு புள்ளியியல் ஓட்டை இருக்கு. பிழைச்ச பேஷண்ட்டை மட்டும் எண்ணி மருந்து நல்லா வேலை செய்யுதுன்னு சொல்ற மாதிரி. 'தி டார்கெட்' புத்தகமா உங்க அலமாரியில் இல்ல. ஃபிராங்க் மில்லரும் ஜிம் லீயும் 2005ல் தொடங்கிய 'ஆல் ஸ்டார் பேட்மேன் அண்ட் ராபின்' 2008ல் பத்தாவது இதழோட நின்னது, அதுக்கும் முடிவு இல்ல. செத்துப்போன தொடரையும் சேர்த்து எண்ணுங்க, அப்புறம் பேசலாம்.

ஒண்ணு தெளிவாச் சொல்லிடறேன். உடம்பு சரியில்லாம லேட் ஆகிறது இந்தக் கணக்கில் வராது. பீட்டர் டேவிடுக்கு 2012 டிசம்பரில் பக்கவாதம் வந்தது. அந்த மாதிரி நேரத்தில் தேதி கேக்கிறவன் மனுஷனே இல்ல. அமெரிக்காவில் இவங்களில் பெரும்பாலோர் ஃப்ரீலான்ஸ், மருத்துவச் செலவுக்கு 'ஹீரோ இனிஷியேட்டிவ்' என்ற அறக்கட்டளையை நாட வேண்டிய நிலைமையில் எத்தனையோ பேர். என் கோபம் நாலு இடத்தில் கையெழுத்துப் போட்டவங்க மேல.

"மாசா மாசம் கொடுக்கிறதே முடியாத காரியம்" என்பதும் பொய். பிரையன் மைக்கேல் பெண்டிஸ், மார்க் பாக்லி ஜோடி 2000லிருந்து 2007க்குள் 'அல்டிமேட் ஸ்பைடர்மேன்' 111 இதழ் தொடர்ச்சியாக் கொடுத்தது. லிண்டெலாஃப் கதை வந்த அதே அல்டிமேட் வரிசை, அதே கம்பெனி. பாக்லி அவ்வளவு வேகமான ஓவியர், உண்மை. ஆனா அவருக்கு நேரத்துக்கு ஸ்கிரிப்ட் போய்ச் சேர்ந்தது.

கண்டிக்க வேண்டிய எடிட்டருக்கு அதிகாரம் வேணும். 'டூம்ஸ்டே கிளாக்' 2017 நவம்பரில் தொடங்கினப்போ அதை எழுதிய ஜெஃப் ஜான்ஸ்தான் டிசி என்டர்டெயின்மென்ட்டின் தலைவர். எந்த எடிட்டர் அவருக்கு போன் போட்டு "சார், ஸ்கிரிப்ட் எங்கே" என்று கேப்பார்? 12 மாசத்தில் முடிய வேண்டிய கதை 2019 டிசம்பரில் முடிஞ்சது. மத்த டிசி கதைகளுக்கு ஒரு வருஷம் முன்னால் நடக்கிற மாதிரி அமைச்சிருந்தாங்க. அது முடியறதுக்குள்ள மத்த கதைகள் எங்கேயோ போயிடுச்சு.

"அப்போ புத்தகமா முடிஞ்சப்புறம் வாங்கிக்கறேன்" என்று நீங்க சொல்லலாம். தப்பே இல்ல. ஆனா எல்லாரும் அப்படி இருந்தா மாத இதழ் விக்காது, விக்காத தொடரைக் கம்பெனி ஆறாவது இதழில் நிறுத்திடும். பாதிக்கப்படறது பேர் தெரியாத, நேரத்துக்கு எழுதுற புது எழுத்தாளர்தான்.

அதனால கேக்க வேண்டியது ஒண்ணு. கடைக்காரருக்குப் போற ஆர்டர் பட்டியலில் எழுத்தாளர் பேரைக் கொட்டை எழுத்தில் போடுறாங்க இல்லையா, அதுக்குக் கீழே ஒரு வரி சேர்க்கட்டும்: ஆறு ஸ்கிரிப்டில் எத்தனை கைக்கு வந்தாச்சு? ஆறும் வந்திருந்தா கடைக்காரர் தைரியமா அம்பது பிரதி எடுப்பார். ஒண்ணுதான் வந்திருக்குன்னா பத்து எடுப்பார். பெரிய பேர்களே அடுத்த தடவை ஒழுங்கா எழுதி முடிச்சிட்டு வருவாங்க.

உங்ககிட்ட பாதியில் நிக்கிற தொடர் எது? பேரு, கடைசி இதழ் வந்த வருஷம் ரெண்டையும் கீழே போடுங்க.