சிலிண்டர் இளைத்த கதை

எங்கள் வீட்டு கேஸ் சிலிண்டருக்கு ஒரு ராசி உண்டு. சாதாரண நாளில் தீராது. விருந்தாளி வந்து, இலை போட்டு, தண்ணீர் தெளித்த பிறகுதான் உயிரை விடும். போன கார்த்திகையிலும் அப்படித்தான். சென்னையிலிருந்து வந்திருந்த என் மனைவியின் பெரியப்பா இலை முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார். உள்ளே சாத்தமுது கொதிக்க மறுத்தது.

"ஏன்னா, இப்பத்தானே மாத்தினோம்?" என்றாள் மனைவி.

"இப்ப" என்பது கணக்கில் வராத வார்த்தை. நான் பி.காம். எதையும் தேதி போட்டுத்தான் நம்புவேன். சிலிண்டர் மாற்றும் நாளையெல்லாம் மாத காலண்டரில் வட்டம் போட்டு வைக்கிற (கெட்ட) பழக்கம் எனக்கு உண்டு. எடுத்துப் பார்த்தேன். ஆடி வரைக்கும் ஒரு சிலிண்டர் 42 நாள் வந்திருக்கிறது. ஐப்பசியிலிருந்து 28 நாள்.

வீட்டில் ஆள் கூடவில்லை. நான், மனைவி, எட்டாவது படிக்கும் பெண், 75 வயது அப்பா. அதே நான்கு வாய்தான்.

சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ. 42 நாளில் வகுத்தால் ஒரு நாளைக்கு 338 கிராம். 28 நாளில் வகுத்தால் 507 கிராம். ஆக, தினமும் 169 கிராம் கேஸை யாரோ, எதுவோ, தின்கிறது. வைகுண்ட ஏகாதசி வேறு வருகிறது. ஸ்ரீரங்கத்தில் வீடு இருக்கிறவனுக்கு அந்த வாரம் எத்தனை உறவுக்காரர்கள் முளைப்பார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உடனே ஆடிட்டர் ஆனேன்.

* * *

முதல் சந்தேகம் சிலிண்டர் கொண்டு வருகிறவர் மேல். நம் ஊரில் எது குறைந்தாலும் முதலில் சுமக்கிறவனைத்தானே சந்தேகப்படுவோம்?

அடுத்த தடவை அவர் மாடிப்படி ஏறி வந்து இறக்கினதும், கையைக் கட்டிக்கொண்டு, "எடை போட்டுக் காட்டுங்க" என்றேன். கேட்பது நம் உரிமை. டெலிவரி செய்கிறவர் தராசு கொண்டு வர வேண்டும், கேட்டால் எடை போட்டுக் காட்ட வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்களின் விதி. காலி சிலிண்டரின் எடை, மேலே கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டையில் எழுதியிருக்கும். அதோடு 14.2-ஐக் கூட்டிக்கொள்ள வேண்டியது. அங்கேயே 'பி-27' என்கிற மாதிரி ஒரு குறியும் இருக்கும். சிலிண்டரை அடுத்து எப்போது பரிசோதிக்க வேண்டும் என்பதற்கான கெடு அது. ஏ என்றால் மார்ச் வரை, பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர். கெடு தாண்டிய சிலிண்டர் வந்தால் திருப்பி அனுப்பிவிடலாம்.

எங்கள் சிலிண்டரில் காலி எடை 15.9. கூட்டினால் 30.1. அவர் முகம் மாறாமல் தராசில் மாட்டித் தூக்கினார். முள் 30-ஐ லேசாகத் தாண்டி நின்றது.

"சரியா இருக்கா சார்?"

முப்பது கிலோவைத் தோளில் சுமந்து இரண்டு மாடி ஏறி வந்த மனுஷன். வேர்வை சொட்டக் கேட்கிறார். "காபி சாப்பிடறீங்களா?" என்றேன். வேறென்ன சொல்ல?

* * *

இரண்டாவது சந்தேகம், வெளியே சொல்லக்கூடாத இடத்தில். சொல்லித் தொலைத்தேன்.

"நீ தளிகை பண்ணும்போது தீயைக் கொஞ்சம்..."

"என்ன கொஞ்சம்?"

"இல்ல... குக்கர் வழக்கத்தைவிட..."

"பதினஞ்சு வருஷமா அதே குக்கர், அதே அரிசி, அதே நாலு பேர். வேணும்னா நாளைலேர்ந்து நீங்களே பண்ணுங்கோ. நான் பக்கத்துல உக்காந்து கிராம் கணக்கு எழுதறேன்."

அன்று ராத்திரி மோர் சாதம்தான். ஊறுகாய் கேட்கத் தைரியம் வரவில்லை.

ஆனாலும் அடுப்பங்கரையில் எனக்கு இரண்டு தடயம் கிடைத்தது. குக்கர் மூடியின் கேஸ்கெட் கெட்டியாகி, ஓரமாக ஆவி கசிந்தது. இடது பர்னரில் தீ நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தது. மஞ்சள் என்றால் கேஸுக்குப் போதுமான காற்று கலக்கவில்லை, பாதி எரிந்து கரியாகப் போகிறது என்று அர்த்தம். பாத்திரத்தின் அடி கறுத்திருந்தால் அதுவே சாட்சி. பெட்ரோலியம் பாதுகாப்பு ஆராய்ச்சி சங்கம் என்று 1978-லிருந்து ஒரு அமைப்பு இருக்கிறது. நீலத் தீயில் சமையுங்கள், மூடி வையுங்கள், பருப்பை ஊற வையுங்கள் என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். நாம்தான் காதில் வாங்கவில்லை.

மெக்கானிக்கைக் கூப்பிட்டு பர்னரைச் சுத்தம் செய்தாயிற்று. கேஸ்கெட்டும் புதுசு. ஆனால் இதெல்லாம் சில்லறை. 169 கிராமுக்கு இது போதாது.

* * *

மூன்றாவது சந்தேகம்தான் தூக்கத்தைக் கெடுத்தது. கசிவு.

கேஸுக்கு என்று வாசனை கிடையாது. நமக்குத் தெரியட்டும் என்று எத்தில் மெர்காப்டன் என்கிற நாற்றம் பிடித்த வஸ்துவைக் கலந்து அனுப்புகிறார்கள். காற்றைவிடக் கனம் என்பதால் கசிந்தால் மேலே போகாது, தரையோடு தரையாகப் படுத்திருக்கும். வாசனை வந்தால் ரெகுலேட்டரை மூடு, ஜன்னலைத் திற, எந்த ஸ்விட்சையும் தொடாதே, வெளியே போய் 1906-க்கு போன் செய். இதைச் சுவரில் எழுதி ஒட்டினேன்.

சோப்புத் தண்ணீரைக் குழைத்து ரெகுலேட்டர், டியூப், இணைப்பு எல்லா இடத்திலும் தடவினேன். (தீக்குச்சி கிழித்துப் பார்க்கிற வீரர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் இந்தக் கட்டுரையைப் படிக்கும்வரை இருக்க வேண்டும் என்று ரங்கநாதரை வேண்டுகிறேன்.) ஒரு குமிழி கூட வரவில்லை.

அந்த வாரம் லண்டனில் இருக்கும் சித்தி பையன் போன் செய்தான். புலம்பினேன். சிரித்தான்.

"இங்கே எனக்கும் போன ஜனவரியில அதே கதைதான்டா. கேஸ் பில் ரெண்டு மடங்கு."

அங்கே கேஸ் சமையலுக்கு மட்டுமில்லை. பாய்லரில் தண்ணீரைச் சூடாக்கி, குழாய் வழியாக அறை அறையாக அனுப்பி வீட்டையே சூடாக்குகிறார்கள். நம் திருச்சியில் அந்த வேலையைச் சூரியன் இலவசமாகச் செய்கிறான், போதும் போதும் என்றாலும் விடாமல். அவனுக்கும் முதலில் கசிவு என்றுதான் சந்தேகம். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டரைப் பார்த்திருக்கிறான். மீட்டர் ஓடவில்லை. கசிவில்லை. கடைசியில் பார்த்தால், பாய்லரில் தண்ணீரின் சூட்டைத் தேவைக்கு மேல் வைத்திருக்கிறான். அந்த மாதிரி பாய்லரில், சுற்றி விட்டுத் திரும்பி வரும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் புகையோடு போகும் சூட்டையும் நன்றாகப் பிடித்துக்கொள்ள முடியுமாம். அதற்கு மேல் போனால் காசு புகைபோக்கி வழியாகப் போகும். சூட்டைக் குறைத்தான், பில்லும் குறைந்தது.

"எல்லாத்தையும் அணைச்சுட்டு மீட்டரைப் பாரு. ஆளைத் திட்டறதுக்கு முன்னாடி அளந்து பாரு" என்றான்.

மீட்டருக்கு நான் எங்கே போவேன்? தெருமுனை பழைய பேப்பர் கடைக்குப் போனேன். எலெக்ட்ரானிக் தராசை இரண்டு நாள் இரவல் வாங்கி வந்து, சிலிண்டரை அதன் மேலேயே நிற்க வைத்துவிட்டேன்.

ராத்திரி பத்து மணி. எல்லாரும் சாப்பிட்டுப் படுத்தாயிற்று. தராசு 24.36 காட்டியது. எழுதிக்கொண்டேன். காலை ஐந்தரை. மனைவி இன்னும் பால் கூட வைக்கவில்லை. தராசு 24.21.

அடுப்பே எரியாத ராத்திரியில் 150 கிராம் காணோம்!

* * *

மறுநாள் ராத்திரி கூடத்தில் ஈஸிசேரில் துண்டைப் போர்த்திக்கொண்டு காவல் இருந்தேன். நாலு மணிக்கு அடுப்பங்கரையில் 'டிக்' என்று லைட்டர் சத்தம்.

எட்டிப் பார்த்தேன். விளக்கு போடவில்லை. பெரிய அலுமினியப் பாத்திரத்தில் தண்ணீர், மூடியில்லை, தீ முழு வேகத்தில் பாத்திரத்துக்கு வெளியே நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து முணுமுணுவென்று ஸ்லோகம் சொல்லிக்கொண்டிருந்தார் அப்பா.

அப்பாவுக்கு நாற்பது வருஷமாக அம்மா மண்டபத்துக் காவிரியில்தான் குளியல். ஆடியில் முழங்கால் வீங்கி, படித்துறை வேண்டாம், வெந்நீரில் குளியுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஐப்பசி துலா மாசத்தில் பெருமாளுக்கே அம்மா மண்டபத்திலிருந்து தங்கக் குடத்தில், யானை மேல் காவிரித் தீர்த்தம் போகும். அந்த மாசத்தில் கூட அப்பா படித்துறைப் பக்கம் போகவில்லை.

"என்னப்பா இது? பாத்ரூம்ல கீஸர் இருக்கே?"

"அது கரண்ட்டைக் குடிக்கறதுன்னு நீதானேடா சொன்னே?"

சொன்னேன்தான். புரட்டாசியில் கரண்ட் பில் 518 யூனிட். 2022 செப்டம்பரில் வந்த கட்டண அட்டவணையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இரண்டு மாதத்தில் 500-ஐத் தாண்டினால் அந்தக் கூடுதல் யூனிட்டுக்கு மட்டுமில்லை, முன்னால் எரித்ததில் ஒரு பகுதிக்கும் சேர்த்து விலை ஏறும். பதினெட்டு யூனிட்டில் தோற்ற எரிச்சலில், கூடத்தில் நின்று, "இந்த வீட்டுல யார்தான் நாள் பூரா கீஸரைப் போடறாளோ!" என்று கத்தினேன். அடுத்த பில் 490. என் கத்தலுக்குப் பலன் என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

"கேஸ்னா நாள் கணக்கா வர்றது. யாருக்கும் தெரியாது, யாரும் கத்த மாட்டான்னு..." என்றார் அப்பா. "நீ படுத்துக்கோ. ரெண்டு நடையில கொண்டு போயிடுவேன்."

ரெண்டு நடை! கொதிக்கிற தண்ணீரை, இருட்டில், வீங்கின முழங்காலோடு, அடுப்பங்கரையிலிருந்து கொல்லைப்புற பாத்ரூம் வரைக்கும் தூக்கிக்கொண்டு. லைட் போட்டால் நாங்கள் முழித்துக்கொள்வோமாம். துலா மாசம் பிறந்ததிலிருந்து தினமும். நடுவில் ஒரு வாசற்படி வேறு இருக்கிறது.

வாசனை பிடிக்க மூக்கையும், குமிழி பார்க்கக் கண்ணையும் வைத்துக்கொண்டு நான் தேடின ஆபத்து, நாலு மணிக்கு என் தலைமாட்டைத் தாண்டித்தான் தினமும் போயிருக்கிறது.

பாத்திரத்தை நான் தூக்கிக்கொண்டேன். கை சுட்டது.

* * *

சாயங்காலம் என் பெண் அறிவியல் புத்தகத்தோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கொடுத்தாள். பன்னிரண்டு லிட்டர் தண்ணீர், 27 டிகிரியிலிருந்து 90 டிகிரி. 12 × 63 × 4.2 = சுமார் 3,175 கிலோ ஜூல். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் சுமார் 46,000 கிலோ ஜூல். அப்படியென்றால் 69 கிராம் போதும்.

"அப்புறம் ஏன் 150?" என்றேன்.

"அடுப்பு சூடு முழுசும் தண்ணிக்குப் போகாதுப்பா."

நியாயம். வீட்டு அடுப்புக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை வேண்டுமென்றால் குறைந்தது 68 சதவீதத் திறன் காட்ட வேண்டும். அது பரிசோதனைக் கூடத்தில். மூடியில்லாமல், தீ வெளியே வழிந்தால் பாதி கூடத் தேறாது. ஸ்லோகம் முடிகிற வரைக்கும் கொதிக்க விட்டால் இன்னும் மோசம். ஒரு லிட்டர் தண்ணீரைப் பனிக்கட்டிச் சில்லிப்பிலிருந்து கொதிக்க வைக்க ஆகும் வெப்பத்தைப்போல ஐந்து மடங்குக்கு மேல் வேண்டும், அதே லிட்டரை ஆவியாக்க. அப்பா தினமும் கொஞ்சம் காவிரியை மேகத்துக்கே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்.

169-இல் 150 போனால் மீதி 19. அது கேஸ்கெட்டும் மஞ்சள் தீயும். பேலன்ஸ் ஷீட் டாலி ஆயிற்று!

அடுத்த கணக்கையும் அவளே போட்டாள். ஒரு மனிதர் குளிக்க 90 டிகிரி எதற்கு? 25 லிட்டரை 40 டிகிரிக்குக் கொண்டு வந்தால் போதும். 1,365 கிலோ ஜூல். கரண்டில் 0.38 யூனிட். வீணாவது சேர்த்தாலும் அரை யூனிட். இரண்டு மாசத்துக்கு 30 யூனிட். அதே இரண்டு மாசத்துக்கு கேஸ் என்றால் ஒன்பது கிலோ, அரை சிலிண்டருக்கு மேல்.

இதை அப்பாவிடம் காட்டி, பாத்ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போய், கீஸர் ஸ்விட்சைப் போட்டேன். "குளிக்கறதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி போடுங்கோ. போதும்." மனைவி நடையில் ஒரு ராத்திரி விளக்கு மாட்டினாள். என்னிடம் மட்டும், "இனிமே கத்தணும்னா மொட்டை மாடிக்குப் போய்க் கத்துங்கோ" என்றாள்.

வைகுண்ட ஏகாதசிக்குப் பதினோரு பேர் வந்தார்கள். சிலிண்டர் தாங்கியது.

தை பிறந்ததும் கரண்ட் ரீடிங் எடுக்க வந்தார்கள். அட்டையில் குறித்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். 507 யூனிட். பதினோரு பேரும் மின்விசிறியின் கீழேதான் படுப்போம் என்றால் வேறெப்படி இருக்கும்?

அப்பா வாசல் திண்ணையிலிருந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவுடா?"

"ஐநூறுக்குள்ளதான்ப்பா."

பி.காம். முடித்த நாளிலிருந்து நான் எழுதின முதல் பொய்க் கணக்கு. அட்டையை வழக்கமான ஆணியில் மாட்டவில்லை. என் தோள் பையில், கட்டுரைத் தாள்களுக்கு நடுவில் இருக்கிறது.